மச்சானின் பெயரில் அல்ல, சொந்தப் பெயரில்: இந்தியாவில் கம்பனி பதிய விரும்பும் எமது வியாபாரிகளுக்கு

ஜும்ஆ முடிந்து மக்கள் கலையும் நேரத்தில் எம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் தொழுகை, நோன்பு பற்றியவற்றுக்கு அடுத்தபடியாக வருபவை வியாபாரக் கேள்விகள்தான். "மௌலவி, சென்னையில் ஒரு கம்பனி போடலாம் என்றிருக்கிறேன், நம்ம பேரில் போட ஏலாதாமே, அங்கே உள்ள மச்சான்ட பேரில் போடட்டுமா?" என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் பல முறை கேட்டுவிட்டோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான எமது பதில்.

பதிலுக்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த ஒரு புடவை வியாபாரி. பெயர் தேவையில்லை. பல வருடங்களாகச் சென்னைக்குப் போய்வந்து துணி கொள்வனவு செய்தவர். ஒரு கட்டத்தில் அங்கேயே ஒரு கம்பனி இருந்தால் மொத்தமாக வாங்கி அனுப்பலாம் என்று எண்ணினார். அங்கே குடியிருந்த மாமியின் மகன் பெயரில் எல்லாவற்றையும் பதிந்தார். பங்குகள் மச்சானுடையவை, வங்கிக் கணக்கு மச்சானுடையது, கிடங்கின் வாடகை ஒப்பந்தமும் மச்சானுடையது. பணம் மட்டும் இவருடையது. அதையும் உண்டியலில்தான் அனுப்பினார்.

மச்சான் நல்ல மனிதர். ஒரு சதம் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு நாள் மாரடைப்பில் வபாத்தாகிவிட்டார். இத்தா முடிவதற்குள்ளேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. கம்பனியும் கிடங்கிலிருந்த சரக்கும் கணவர் விட்டுச்சென்ற சொத்து என்று அந்த விதவைச் சகோதரி நினைத்தார். அவரிடம் வேறு எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. மூன்று சிறு பிள்ளைகள். இரு தரப்பாரும் ஷரீஅத் என்ன சொல்கிறது என்று கேட்டு வந்தார்கள்.

ஷரீஅத்தின் சட்டம் தெளிவானது. வாரிசுரிமை பங்கிடப்படும் முன் மரணித்தவரின் கடன்களும் அவரிடமிருந்த அமானிதங்களும் கொடுத்துத் தீர்க்கப்பட வேண்டும். அதேபோல, உரிமை கோருபவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பதும் ஷரீஅத்தின் சட்டம்தான். இவரிடம் எழுத்தில்லை, சாட்சியில்லை, பணம் போன வழிக்கு ஒரு வங்கிச் சீட்டுமில்லை. யத்தீம்களின் சொத்தில் வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் கைவைக்கும் தைரியம் எமக்கு இருக்கவில்லை. இறுதியில் அந்தக் குடும்பம் தாமாக மனமிரங்கி ஒரு பகுதியைக் கொடுத்தது. மீதி போனது போனதுதான். உறவும் அதோடு போனது.

இதில் எம்மை அதிகம் வருத்தியது ஒன்றுதான். இவர் மச்சானின் பெயரில் பதிந்திருக்கவே தேவையில்லை. இலங்கைப் பிரஜை ஒருவர் இந்தியாவில் தமது சொந்தப் பெயரில், நூறு வீதம் தமது பங்குகளோடு கம்பனி வைத்துக்கொள்ள அந்த நாட்டின் சட்டம் பெரும்பாலான துறைகளில் இடமளிக்கிறது.

வர்த்தக ஒப்பந்தம் வேறு, கம்பனி வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். "நாமும் சார்க், அவங்களும் சார்க், அதனால் கம்பனி போட உரிமை உண்டு" என்று சிலர் நினைக்கிறார்கள். சார்க் நாடுகளுக்கிடையிலான சாப்டா ஒப்பந்தம் 2004இல் இஸ்லாமாபாத்தில் கைச்சாத்திடப்பட்டு 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அதற்கும் முந்தியது. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டும் பொருட்களின் சுங்கத் தீர்வை பற்றியவை. எமது கறுவாவும் மிளகும் எந்தத் தீர்வையில் உள்ளே போகலாம் என்பதை அவை சொல்லும். எமது வியாபாரி அங்கே போய்க் கம்பனி பதியலாமா என்பதை அவை சொல்லாது. அதைச் சொல்வது இந்தியாவின் கம்பனிச் சட்டமும் அந்நியச் செலாவணிச் சட்டமும்தான்.

சொல்லப்போனால், சார்க் உறுப்புரிமை இவ்விடயத்தில் எல்லோருக்கும் ஒரே பலனைத் தரவில்லை. 2020 ஏப்ரலில் இந்தியா ஒரு விதியைக் கொண்டுவந்தது. தனது நிலத்தோடு எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்பது அந்த விதி. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், ஆப்கானிஸ்தான் ஆகிய சார்க் நாடுகள் எல்லாம் அதற்குள் வருகின்றன. நடுவில் கடல் இருப்பதால் இலங்கையும் மாலைதீவும் அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே எமக்கு, அனுமதிக்கப்பட்ட துறைகளில், முன் அனுமதி தேவைப்படாத "தன்னியக்க வழி" திறந்திருக்கிறது.

உண்மையில் கம்பனி தேவையா?

இந்தக் கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பொருள் வாங்கிக் கொழும்புக்கு இறக்குமதி செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால், அங்குள்ள ஏற்றுமதியாளர் ஒருவரிடம் வாங்கினால் போதும். கம்பனி நடத்தும் செலவும் தலையிடியும் மிச்சம். அங்கே கிடங்கு வைத்து, ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அல்லது எமது நாட்டுப் பொருளை அங்கே இறக்கி மொத்தமாக விற்க நினைப்பவருக்குத்தான் கம்பனி பொருந்தும்.

இலங்கைப் பொருளை அங்கே விற்பவருக்கு மேற்சொன்ன சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கைகொடுக்கும். பொதுவாகப் பொருளின் பெறுமதியில் 35 வீதமாவது இலங்கையில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். எமது வர்த்தகத் திணைக்களத்திடம் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். சில பொருட்களுக்கு வருடாந்த அளவுக் கட்டுப்பாடும் இருக்கிறது. உங்கள் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கம்பனி பதிவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தத் தொழில், எந்த வடிவம்?

எமது சகோதரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இலங்கையில் வியாபாரப் பெயர்ப் பதிவு ஒன்றை எடுத்துத் தனி ஆளாகக் கடை நடத்துவது போல இந்தியாவில் வெளிநாட்டவர் நடத்த முடியாது. தனி உரிமையாளர் தொழிலிலோ சாதாரண பங்குடைமைத் தொழிலிலோ நாம் முதலிட வேண்டுமானால் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஒரு நபர் கம்பனி என்ற வடிவம் இந்தியப் பிரஜைகளுக்கு மட்டுமே உரியது. எமக்கு எஞ்சுவது பிரைவேட் லிமிடெட் கம்பனி. சில துறைகளில் எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புப் பங்குடைமையும் சாத்தியம். பெரும்பாலானோருக்குப் பிரைவேட் லிமிடெட்தான் பொருத்தம்.

தொழில் வகையும் முக்கியம். மொத்த வியாபாரத்திலும் உற்பத்தியிலும் பொதுவாக நூறு வீதம் வெளிநாட்டு முதலீட்டுக்கு இடமுண்டு. பல கம்பனிகளின் பொருட்களைப் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கும் கடைக்கு அப்படியல்ல. அதில் வெளிநாட்டவரின் பங்கு 51 வீதத்தைத் தாண்ட முடியாது. அரசாங்க அனுமதியும் வேண்டும். குறைந்தது 10 கோடி அமெரிக்க டொலர் முதலீடும் வேண்டும். ஆக, சென்னையில் ஒரு சாரிக் கடை திறந்து வாடிக்கையாளருக்கு விற்கலாம் என்ற கனவு எமது சாதாரண வியாபாரிக்குச் சட்டப்படி சாத்தியமில்லை. அந்தக் கனவுதான் பலரை "மச்சான்ட பேரில்" என்ற குறுக்கு வழிக்குத் தள்ளுகிறது. காணி, கட்டடம் வாங்கி விற்கும் தொழில், லொத்தர், சீட்டு நிதி, சிகரெட் உற்பத்தி ஆகியவற்றில் வெளிநாட்டு முதலீட்டுக்கு அறவே இடமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிரஜை ஒருவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றித் தமது பெயரில் இந்தியாவில் நிலமோ கட்டடமோ வாங்க முடியாது. ஐந்து வருடங்களுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். ஆகவே, கிடங்கு வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள். வேறொருவர் பெயரில் வாங்கிப் போடாதீர்கள்.

பதிவு நடைபெறும் முறை

பதிவு முழுவதும் இந்திய கம்பனி விவகார அமைச்சின் இணையத்தளத்தில் "ஸ்பைஸ் பிளஸ்" என்ற படிவத்தின் மூலம் நடக்கிறது. அங்குள்ள பட்டயக் கணக்காளர் அல்லது கம்பனிச் செயலாளர் ஒருவர் சான்றுரைக்க வேண்டும். சுருக்கமாகப் படிகள் இவை:

1. ஆட்கள். குறைந்தது இரு பங்குதாரர்களும் இரு பணிப்பாளர்களும் வேண்டும். அதே இருவர் இரண்டுமாக இருக்கலாம். கணவனும் மனைவியுமாகவோ வாப்பாவும் மகனுமாகவோ பங்குதாரராகலாம். ஆனால் பணிப்பாளர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாட்களேனும் இந்தியாவில் தங்கியிருப்பவராக இருக்க வேண்டும்.

மச்சானுக்குரிய சரியான இடம் இதுதான். அவர் வதிவிடப் பணிப்பாளராக இருக்கட்டும், அதற்கு நியாயமான சம்பளமும் பெறட்டும். பணிப்பாளராக இருக்க ஒரு பங்கும் தேவையில்லை. பணிப்பாளர் நிர்வாகி, பங்குதாரர் உரிமையாளர். இந்த வித்தியாசத்தை விளங்கியிருந்தால் மேற்சொன்ன சகோதரரின் கதை வேறாக இருந்திருக்கும்.

2. ஆவணங்கள். கடவுச்சீட்டு கட்டாயம். வதிவிட ஆதாரமாக அண்மைய வங்கிக் கூற்று அல்லது மின்சாரப் பட்டியல் வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாதவற்றை மொழிபெயர்க்க வேண்டும். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், கம்பனியின் அமைப்புப் பத்திரங்களில் இடும் கையொப்பத்தையும் அடையாள ஆவணங்களையும் இங்குள்ள நொத்தாரிஸ் ஒருவர் அத்தாட்சிப்படுத்துவதை அந்த நாட்டு விதி ஏற்கிறது. இதற்காகச் சென்னை போக வேண்டியதில்லை. நேரில் போய் அங்கேயே கையொப்பமிடுவதானால் வியாபார விசா கையில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் இதைச் செய்ய முடியாது.

எமது சமூகத்தவர் விசேடமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று பெயரின் எழுத்து. கடவுச்சீட்டில் ஒரு விதமான முஹம்மத், அடையாள அட்டையில் வேறு விதமான முஹம்மத், வங்கியில் தலைப்பெழுத்து மட்டும் என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது எம்மிடம் சாதாரணம். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அது போதும். எல்லா ஆவணங்களும் கடவுச்சீட்டின் எழுத்தோடு ஒத்துப்போகச் செய்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

3. டிஜிட்டல் கையொப்பம், கம்பனிப் பெயர். விண்ணப்பத்தில் கையொப்பமிடுவோருக்கு டிஜிட்டல் கையொப்பம் பெற வேண்டும். ஏற்கனவே உள்ள கம்பனிகளின் பெயரையோ வணிகக் குறியையோ ஒத்திராத ஒரு பெயரைத் தெரிவு செய்ய வேண்டும்.

4. பதிவு முகவரி. வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின்சாரம் அல்லது தொலைபேசிப் பட்டியல் ஆகியன தேவை.

5. மூலதனம். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015இல் நீக்கப்பட்டுவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 இலட்சம் இந்திய ரூபா வரை பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வையும் கணக்காளரின் கூலியும் மட்டும் செலவாகும்.

எல்லாம் சரியானால் பதிவுச் சான்றிதழோடு வருமான வரிக்கான பான் இலக்கமும் சேர்ந்து வரும்.

பணம் போகும் பாதை

கம்பனி சொந்தப் பெயரில் இருந்து, பணம் உண்டியலில் போனால் பாதி வேலை வீண். வெளிநாட்டு முதலீடு வங்கி வழியாகவே வர வேண்டும். பணம் கிடைத்து 60 நாட்களுக்குள் பங்குகள் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கி 30 நாட்களுக்குள் எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவத்தில் ரிசர்வ் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். இந்தப் பதிவுதான் "இந்தப் பணம் இன்ன இலங்கையரின் முதலீடு" என்பதற்கான சாட்சி. நாளை இலாபத்தையோ பங்கை விற்ற பணத்தையோ திருப்பி எடுக்கும்போது வங்கி கேட்பது இதைத்தான். உண்டியலில் போன பணம் அந்நாட்டின் கண்ணில் உங்கள் பணமே அல்ல.

எமது பக்கத்திலும் சட்டம் உண்டு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டில் முதலிடுவதற்கென உள்ள வெளிமுக முதலீட்டுக் கணக்கின் ஊடாகவே பணம் அனுப்பப்பட வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்ற வரையறை வர்த்தமானி அறிவித்தல்கள் மூலம் மாறிவருகிறது. 2020க்குப் பின் வந்த டொலர் நெருக்கடியில் அது எவ்வளவு இறுகியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே, இந்தியாவில் விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்கள் வங்கியில் கேட்டு, அன்றைய வரையறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இலாபப் பங்கு விடயத்தில், இரு நாடுகளுக்கும் இடையில் 2013இல் கைச்சாத்தான இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை 7.5 வீதத்துக்கு மேல் அங்கே வரி பிடிக்க இடமளிக்கவில்லை. அந்தச் சலுகையைப் பெற உங்கள் வரி வதிவிடச் சான்றிதழை இங்குள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் பெற்றுக் கொடுக்க வேண்டும். சென்னைக் கம்பனி உங்கள் கொழும்புக் கடைக்கே பொருள் விற்பதானால் சந்தை விலையிலேயே விற்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டும் உங்களுடையவை என்பதால் வரித்துறை அந்த விலையைத் தனியாகப் பார்க்கும்.

பதிந்த பிறகு

கம்பனி பதிந்துவிட்டு மறந்துவிடுவது எமது இன்னொரு வழக்கம். முதல் 30 நாட்களுக்குள் கணக்காய்வாளரை நியமிக்க வேண்டும். 180 நாட்களுக்குள் மூலதனம் வைப்பிலிடப்பட்டதை உறுதிப்படுத்தும் பிரகடனத்தைச் செய்ய வேண்டும். தவறினால் கம்பனிக்கு 50,000 ரூபா தண்டம். வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடாந்தக் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் 100 ரூபா ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று வருடங்கள் தாக்கல் செய்யாவிட்டால் பணிப்பாளர்கள் ஐந்து வருடங்களுக்குத் தகுதி இழப்பார்கள். வெளிநாட்டு முதலீடுள்ள கம்பனி ஒவ்வொரு வருடமும் ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்குத் தனியானதோர் அறிக்கையும் அனுப்ப வேண்டும். இவற்றுக்கான கணக்காளர் செலவைத் தாங்க முடியாத அளவு சிறிய வியாபாரம் என்றால் கம்பனி உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றே அர்த்தம்.

பினாமியும் அமானிதமும்

இனி ஆரம்பக் கேள்விக்கு வருவோம். ஒருவர் பணம் கொடுக்க இன்னொருவர் பெயரில் சொத்து இருப்பதை இந்தியச் சட்டம் பினாமி என்கிறது. அதற்கான 1988ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் கடுமையாக்கப்பட்டது. பங்குகளும் வங்கியிலுள்ள பணமும்கூடச் "சொத்து" என்பதில் அடங்கும். அத்தகைய சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். பெயர் கொடுத்தவர், பணம் கொடுத்தவர் இருவருக்கும் ஒரு வருடம் முதல் ஏழு வருடம் வரை கடூழியச் சிறையும், சொத்தின் சந்தைப் பெறுமதியில் 25 வீதம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மிக முக்கியமாக, "அது என் பணம், என் சொத்து" என்று உண்மையான உரிமையாளர் நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது.

சிலர் எம்மிடம், "அது அவங்கட சட்டம், மார்க்கத்தில் அமானிதம்தானே மௌலவி?" என்பார்கள். மத்ரஸாவில் ஷிர்கத், முழாரபா, வகாலத் பாடங்களை வருடக்கணக்கில் ஓதிய எமக்கு அமானிதத்தின் மதிப்புத் தெரியும். அதனால்தான் சொல்கிறோம். அமானிதம் என்பது எழுத்தைத் தவிர்ப்பதற்கான சாக்கு அல்ல. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. நம்பிக்கையானவர்களிடையேதான் கடன் கொடுக்கல் வாங்கல் நடக்கும். அவர்களுக்கே அந்தக் கட்டளை. எழுதுவது சந்தேகத்தின் அடையாளமல்ல. உயிரோடிருக்கும் மச்சானை நீங்கள் நம்பலாம், ஆனால் அவருடைய வாரிசுகளுக்கு உங்கள் நம்பிக்கை எப்படித் தெரியும்? உங்கள் வாரிசுகளுக்குத்தான் அவருடைய நேர்மை எப்படித் தெரியும்? நாம் தங்கியிருக்கும் நாட்டின், வியாபாரம் செய்யும் நாட்டின் சட்டத்துக்கு உடன்பட்டே உள்ளே போகிறோம். அந்த உடன்பாட்டை மீறுவதும் வாக்குறுதி மீறலே.

ஆகவே எமது பதில் இதுதான். சட்டம் அனுமதிக்கும் தொழிலைச் சொந்தப் பெயரில், வங்கி வழியில், எழுத்தோடு செய்யுங்கள். சட்டம் அனுமதிக்காத தொழிலை மச்சானின் பெயரிலும் செய்யாதீர்கள். ஏற்கனவே வேறொருவர் பெயரில் வைத்திருப்பவர்கள் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைத் தாமதிக்காமல் சந்தியுங்கள். உங்கள் வஸிய்யத்தில் அதை எழுதுங்கள். மறு தரப்பாரையும் எழுதச் சொல்லுங்கள். மரணம் எம் இருவரில் யாரை முந்தும் என்பது எமக்குத் தெரியாது.

மேலே சொன்ன சகோதரர் இப்போது மறுபடியும் சிறியதாக வியாபாரம் செய்கிறார். போன ரமழானில் எம்மைச் சந்தித்தபோது, "பணம் போனது பெரிசில்லை மௌலவி, மாமி என்னோடு பேசாமலே மௌத்தாகிட்டா" என்றார். அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

வல்ல அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக. எமது உறவுகளை அவற்றால் முறிந்துபோகாமல் காப்பானாக. ஆமீன்.